கண் மங்கிய நேரத்துக்கு ஒரு சொட்டக்கா

கண் ஆஸ்பத்திரியின் மாடியில், டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே, சுவரை ஒட்டி ஒன்பது நாற்காலிகள் கிடக்கும். அவற்றில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணில், கண்பாவையை விரியவைக்கும் மருந்தைச் சொட்டு சொட்டாக விடுவதுதான் சொட்டக்காவின் உத்தியோகம். பட்டம் முதலில் 'சொட்டு மருந்து அக்கா' என்று நீளமாகத்தான் இருந்தது. அவசரக்காரர்கள் நடுவில் இருந்ததை விழுங்கிவிட்டுச் 'சொட்டக்கா' ஆக்கிவிட்டார்கள். பெயரை மட்டும் கேள்விப்பட்டு வருகிறவர்கள் முதலில் தலையைத்தான் பார்ப்பார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலைக் கண்டதும், ஆள் மாறிவிட்டதோ என்று டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் திரும்பப் போய் விசாரித்தவர்களும் உண்டு. வயது நாற்பத்தாறு. எழுபத்தெட்டு வயதுக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கையில் மருந்துக் குப்பியோடு நிற்பவளிடம் வயதைப் பற்றித் தர்க்கம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது.

ஒருவருக்கு மூன்று சுற்று. பத்து நிமிஷத்துக்கு ஒரு சுற்று. அது முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார வேண்டும். பிறகு கண்ணைத் திறந்தால் உலகம் நீராவி படிந்த கண்ணாடி மாதிரி இருக்கும். கிட்டத்தில் இருக்கும் எழுத்தெல்லாம் சாயங்காலம் வரைக்கும் கலைத்துவிட்ட எறும்புக் கூட்டம்தான். துணைக்கு ஆள் இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

மனிதனுக்குப் போன் வருவது சரியாக இந்த நேரத்தில்தான். காலையிலிருந்து ஊமையாகக் கிடந்த போன், மூன்றாவது சொட்டு விழுந்ததும் உயிர் வந்து துள்ளும். உட்கார்ந்திருப்பவர் அதை மூக்குவரை கொண்டுபோவார், கை எட்டுமட்டும் நீட்டிப் பார்ப்பார், கடைசியில், "சொட்டக்கா, இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்பார். இப்படிப் பத்து வருஷமாக ஊரார் போன்களைப் படித்துப் படித்தே அவள் பண்டிதை ஆனாள். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள் இல்லை. அவள் சொந்தப் போனுக்கு ஒரு மூலை உடைந்து, அந்த இடத்தில் கட்டுக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். ஆனால் கிழங்கட்டைகளை ஏமாற்றுவதற்கென்று பாடுபட்டு எழுதப்பட்ட செய்திகளை அவள் அளவுக்கு வாசித்தவர்கள் காவல்துறையிலும் இருக்க மாட்டார்கள்.

அப்படி வாசித்ததில் அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். அந்தச் செய்திகளெல்லாம் கண்ணுக்காகச் செய்தவை. சிவப்பு எழுத்து, ஆச்சரியக்குறி, முத்திரை, கடிகாரப் படம் என்று கண்ணை மிரட்டுவதற்கான ஏற்பாடு. அதையே, 'குளிக்கும்போது கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று சொல்கிற அதே சவசவத்த குரலில் உரக்கப் படித்தால் நொண்டியடித்துக் கீழே விழுந்துவிடும்.

"சார், உங்களுக்கு கார் கிடைச்சிருக்காம்."

"எதுக்கும்மா?"

"நீங்க அதிர்ஷ்டசாலியாம்."

"நானா?" அந்தப் பெரியவர், கண்ணை மூடியபடியே தன் எழுபது வருஷத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "தப்பான நம்பருக்கு வந்திருக்கும். அழிச்சிடும்மா."

"நீங்களே அழிங்க. விரலை வைங்க. இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அதுதான்."

'நீங்களே அழிங்க' என்பதற்கு ஒரு பூர்வகதை உண்டு. ஆரம்பத்தில் அவளும் போனை வாங்கித் தானே தட்டிக்கொண்டிருந்தவள்தான். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்திக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்தது. சொட்டக்கா ஒரே தட்டில் அதை முடக்கிவிட்டாள். அது நர்ஸின் மகள் புதிதாக வாங்கிய நம்பர். அம்மாவுக்குக் கோபம் என்று மகளும், மகளுக்குத் திமிர் என்று அம்மாவும் மூன்று வாரம் ரோஷத்தோடு காத்திருந்தார்கள். பேசினாலே சண்டை வருகிற குடும்பம் அது. பேசாமலேயே மூன்று வாரம் சண்டை போட்ட சாதனைக்கு வழிசெய்தவள் சொட்டக்கா. விஷயம் தெரிந்ததும் இரண்டு பஸ் மாறிப் போய் நர்ஸ் வீட்டு வாசலில் நின்று, "நான்தான் பண்ணேன், என்னைத் திட்டுங்க" என்றாள். திட்டினார்கள். அன்றிலிருந்து யாருடைய போனையும் அவள் கையால் தொடுவதில்லை. பாட்டு ஒப்பிக்க மேடையேறிய பள்ளிப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து படிப்பாள். தட்டுகிற விரல் போனுக்குச் சொந்தக்காரருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

ஏமாந்து வந்தவரை அவள் திட்டவும் மாட்டாள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார், ஏமாற்றுகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்பது அவள் கட்சி.

போனை வெடுக்கென்று வைப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்த தலைமுறை அது. திருடனே கூப்பிட்டாலும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள். அவர்களுக்காக மானம் போகாத ஒரு பொய்யை அவள் தயார் செய்து கொடுத்தாள்: "கண்ணுல மருந்து விட்டிருக்கு, அப்புறம் பேசறேன்." இரண்டே வருஷத்தில் ஊரிலுள்ள முதியவர்கள் எல்லாருக்கும் நிரந்தரமாகக் கண்ணில் மருந்து. நிஜமான வங்கி மானேஜர் ஒருவர் டாக்டரம்மாவுக்கே போன் போட்டு, "என்னங்க, ஊர்ல கண் நோய் ஏதாவது பரவுதா?" என்று விசாரித்தார்.

இந்தப் பொய்யைச் சொல்ல மறுத்த ஒரே ஆள் தராசு சார்.

எடை, அளவு சோதனை இலாகாவில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவர் தெருவில் இறங்கினால் கடைத்தெரு முழுக்கத் தராசுகள் தாமாகவே நேராகிவிடும் என்பார்கள். மனைவி போனபின் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். தானே சமைத்து, தானே உப்பு அதிகம் என்று குறை சொல்லி, தானே சாப்பிட்டுக்கொள்வார். யானைக்கும் அடி சறுக்கும் என்பதற்கிணங்க, போன வருஷம் அவரும் ஒருமுறை ஏமாந்தார். அதிலும் அவர் பாணிதான். 'உங்கள் பார்சலுக்கு முகவரி சரியில்லை' என்று செய்தி. அவர் எந்தப் பார்சலும் வரவழைக்கவில்லை. வேறு யாருடைய பொருளோ தன் பெயருக்கு வந்துவிட்டதே, உரியவருக்குத் திருப்பி அனுப்பவேண்டுமே என்ற கவலையில், கேட்டதையெல்லாம் ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தார்; வங்கியிலிருந்த பணம் போயிற்று. பேராசைப்பட்டு ஏமாந்தவர்கள் ஊரில் உண்டு. நேர்மையால் ஏமாந்தவர் இவர் ஒருவர்தான்.

இடது கண்ணுக்கு ஆபரேஷன் என்று முடிவாகி, அதற்கு முந்திய பரிசோதனைக்கு அன்று காலை அவரை மகன் அழைத்து வந்தான். வேறு நகரத்தில் பதினாலாவது மாடியில் குடியிருப்பவன். கீழ்க்குரலில் பேசும் பழக்கம் அந்த உயரத்தில் வராது போலும். நாற்காலி வரிசை முழுக்கக் கேட்கும்படி, "அக்கா, போன் வந்தா எடுக்க விடாதீங்க" என்றான். "ஒருதடவை ஏமாந்தாச்சு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டுச் சாவியை வாங்கிட்டு என்கூட கூட்டிட்டுப் போயிடுவேன்னு சொல்லிட்டேன். வீட்டுப் புரோக்கர் கீழே நிக்கிறார். என்ன வாடகை போகும்னு சும்மா விசாரிச்சு வைக்கிறேன்."

'சும்மா' என்ற சொல்லைக் கேட்டுத் தராசு சாரின் முகம் போன போக்கைச் சொட்டக்கா பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த லாண்டரிக் கடைக்காரரும் பார்த்தார். அவருக்கு இரண்டே சொட்டு ஆகியிருந்தது.

மகன் படியிறங்கினான். தராசு சாருக்கு முதல் சொட்டு விழுந்தது. பத்து நிமிஷம் கழித்து அவள் இரண்டாவது சுற்றுக்கு வந்தபோது அவர் காதில் இயர்போன் இருந்தது. பாட்டுக் கேட்கிற ஆசாமி இல்லையே என்று நினைத்தபடி அவர் நெற்றியைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்தாள். இயர்போனிலிருந்து கொசுக் குரல் ஒன்று கேட்டது: "சார், பக்கத்துல யாரு?"

"யாருமில்லை" என்றார் தராசு சார்.

மருந்துக் குப்பி அவர் இமைக்கு ஓர் அங்குலத்தில் நின்றது. பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில், இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு யாரும் அவளை இல்லையென்று சொன்னதில்லை. சொட்டை விட்டுவிட்டு, "யார் சார் லைன்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "பென்ஷன் ஆபீஸ். என் பேர்ல ஏதோ குளறுபடியாம். இன்னைக்குள்ள சரி பண்ணலேன்னா பென்ஷன் நின்னுடுமாம். ரகசியம்மா, யார்கிட்டயும் சொல்லக்கூடாதாம். லைனையும் கட் பண்ணக்கூடாதாம்."

அவர் உண்மையானவர். ரகசியத்தைக்கூட ஒளிக்கத் தெரியாது.

சொட்டக்கா நேரே டாக்டரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா பேச்சை வளர்க்காதவர். "போனைப் பிடுங்கு. பையனுக்கு ஒரு கால் போடு. நம்பர் சீட்டுல இருக்கு."

"பையனுக்குச் சொன்னா அவர் வீடு போயிடும் டாக்டர். பிடுங்கினா, அவன் நாளைக்கு வீட்டுக்கே கூப்பிடுவான். இவரும் 'நேத்து லைன் கட் ஆயிடுச்சு, மன்னிச்சுக்குங்க'ன்னு சொல்லுவார்."

டாக்டரம்மா கையிலிருந்த டார்ச்சை அணைத்தார். "இருபது நிமிஷம் தர்றேன். அப்புறம் நானே கூப்பிடுவேன்."

மூன்றாவது சொட்டு விழுந்தது. கண்ணை மூட அவர் மறுத்துவிட்டார். நாலைந்து நிமிஷம் போயிருக்கும். போன் 'டிங்' என்றது. தராசு சார் அதை மூக்குக்குக் கொண்டுபோனார். கையை நீட்டினார். எறும்புகள் கலைந்து ஓடின. காதுக்குள் கொசு அவசரப்பட்டது. அவர் இயர்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

"சீக்கிரம் சார்! ஆறு நம்பர் வந்திருக்கும், படிங்க. மூணு நிமிஷத்துல பென்ஷன் லாக் ஆயிடும்!"

"கண்ணு தெரியலையே சார்... அம்மா, சொட்டக்கா! இந்த நம்பரைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா, ஆபீசர் காத்திருக்கார்."

சொட்டக்கா வந்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் கட்டிய கை ஒன்று தன்னையறியாமல் பிரிந்து முன்னால் வந்தது. லைனைத் துண்டிக்கும் சிவப்பு வட்டம் அரையடி தூரத்தில் இருந்தது. ஒரு தட்டு போதும். கையைத் திரும்ப இழுத்துக்கொண்டு குனிந்தாள். நம்பர் மேலே இருந்தது. அவள் கீழேயிருந்து படித்தாள், குளிக்கும்போது தண்ணீர் படக்கூடாது என்கிற அதே குரலில்.

"இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம். வங்கி ஊழியர் என்று சொல்லிக் கேட்டாலும் சொல்ல வேண்டாம். உங்கள் கணக்கைப் புதிய கைபேசி ஒன்றில் திறப்பதற்கான எண் இது. கேட்டது நீங்கள் இல்லையென்றால் உடனே வங்கிக்குத் தெரிவிக்கவும்."

"ஏம்மா, அதெல்லாம் வேண்டாம்! நம்பரை மட்டும் படி!" என்று போன் கத்தியது.

"படிம்மா. நேரமாகுதாம்" என்றார் தராசு சார். ஆனால் குரலில் ஒரு மாத்திரை குறைந்திருந்தது.

"படிக்கிறேன் சார். எனக்கு ஒரு சந்தேகம், அதை மட்டும் தீர்த்துடுங்க. நீங்க கடைக்குச் சோதனைக்குப் போவீங்களே, எடைக்கல்லு யாருது?"

"இப்ப எதுக்கு அது? என்னுதுதான். ஆபீஸ் முத்திரை போட்ட கல்லு. பெட்டியில வச்சு நானே தூக்கிட்டுப் போவேன்."

"ஏன் சார் அவ்வளவு கஷ்டம்? கடைக்காரன்கிட்டயே கல்லு இருக்குமே. அதை வச்சே நிறுத்துப் பார்த்துட்டு வந்திருக்கலாமே?"

"நல்லா இருக்கே நியாயம்! அவன் தராசு, அவன் கல்லு, அவன் கை. இதுல சோதனை எங்கேம்மா இருக்கு?"

"அதுவும் சரிதான். இவர் பென்ஷன் ஆபீஸ்னு உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

"அவர்தான்..."

சொல்ல வந்தது அங்கேயே நின்றுவிட்டது. தராசு சாரின் முதுகு மெல்ல நிமிர்ந்ததை, மருந்து விடாத கண் உள்ளவள் சொட்டக்கா ஒருத்தி மட்டுமே பார்த்தாள். முப்பத்தொரு வருஷம் கடைப்படி ஏறிய முதுகு அது.

"தம்பி" என்றார் போனைப் பார்த்து. ஆபீசர் பதவி அத்தோடு பறிபோயிற்று. "நான் லைனை வச்சுட்டு, என் பென்ஷன் புத்தகத்துல இருக்கிற நம்பருக்கு நானே கூப்பிடுறேன். உங்க பேரும் சீட் நம்பரும் சொல்லுங்க, அங்கே உங்களையே கேட்கிறேன்."

"வச்சா உங்க பென்ஷன் போயிடும்!"

"தராசைத் தொட்டா கெட்டுப்போயிடும்னு கடைக்காரங்களும் இதேமாதிரிதான் கத்துவாங்க. தொட்டுப் பார்த்தாத்தான் தெரியும், ஏற்கெனவே கெட்டதுன்னு."

போனிலிருந்த குரல் தராசு சாரின் முன்னோர்கள் மூன்று தலைமுறையைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சிவப்பு வட்டம் கலங்கலாகத் தெரிந்தது போலும். விரலை நீட்டி, ஒருமுறை தவறி, மறுமுறை சரியாக அழுத்தினார்.

"பென்ஷன் ஆபீஸ்ல இவ்வளவு சீக்கிரம் வேலை பார்க்கிறாங்கன்னதுமே எனக்குச் சந்தேகம்தான்" என்றார் லாண்டரிக்காரர், எல்லாம் முடிந்தபிறகு.

வங்கி அட்டையின் பின்புறத்தில் இருந்த நம்பரை அவள் படிக்க, தராசு சாரே ஒவ்வொன்றாகத் தட்டி வங்கியைப் பிடித்தார். கணக்கைத் திறக்க யாரோ முயன்றது உண்மை, திறக்கவில்லை. இப்போதைக்கு அடைத்துவைக்கிறோம், நேரில் வாருங்கள் என்றார்கள். பேசி முடித்ததும் அவர் போனை மடியில் வைத்து, சொட்டக்காவைத் தன் பக்கம் கூப்பிட்டார்.

"பையன்கிட்ட சொல்லாதேம்மா."

"நான் சொல்ல மாட்டேன் சார். நீங்க சொல்லுங்க."

"சொன்னா சாவி போச்சு. அந்த வீட்டை விட்டா எனக்குப் போக்கிடம் ஏது? பதினாலாவது மாடியில நான் என்ன, புறாவா?"

"சாவி தங்கும்னு நான் எப்படிச் சொல்றது? எனக்குத் தெரியாது" என்றாள் அவள். "ஆனா இதை மறைச்சு வச்சீங்கன்னா, அடுத்து கூப்பிடுறவனுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும் சார். 'உங்க பையனுக்குத் தெரிஞ்சுடும்'னு சொன்னா நீங்க அவன் கையில. இன்னைக்கு லைனைக் கட் பண்ணாம உட்கார்ந்திருந்தீங்களே, அதுக்குக் காரணம் பென்ஷனா, பையனா?"

அவள் தேன் தடவவில்லை. டாக்டரம்மா கதவைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதே நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அரைமணி நேரமா உங்க லைன் பிஸி!" படியேறும்போதே மகன் ஆரம்பித்துவிட்டான். "யார்கிட்டப்பா பேசிட்டு இருந்தீங்க? நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

தராசு சார் எழுந்து நின்றார். மகன் எங்கே நிற்கிறான் என்பது மங்கலாகத் தெரிந்த திசையைப் பார்த்துச் சொன்னார்: "ஒருத்தன் கூப்பிட்டான். பென்ஷன் ஆபீஸ்னான். முக்கால்வாசி ஏமாந்துட்டேன்."

வேறு யாராக இருந்தாலும், 'ஒரு திருடனைப் பிடித்தேன்' என்று ஆரம்பித்திருப்பார்கள். நிறுத்துப் பார்த்தே பழகிய மனுஷர்; தன்னையும் கிராம் குறையாமல் நிறுத்துக் கொடுத்தார். "மீதிக் கால்வாசியில சுதாரிச்சுட்டேன். நம்பரைச் சொல்லலை. நானே கட் பண்ணேன். வங்கிக்கும் நானே பேசிட்டேன்."

"போனைக் கொடுங்க" என்று மகன் கையை நீட்டினான்.

"தம்பி, வாங்கறதுன்னா வாங்கிக்குங்க, நான் தடுக்கலை" என்றாள் சொட்டக்கா. "ஒண்ணே ஒண்ணு கேட்கட்டுமா? போன தடவை நடந்ததை அப்பா எப்ப சொன்னார்?"

"எங்க சொன்னார்? வங்கியில சொல்லித்தான் எனக்கே தெரியும். நாப்பது நாள் கழிச்சு."

"இந்தத் தடவை?"

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நீட்டிய கை கொஞ்ச நேரம் காற்றில் கிடந்துவிட்டுப் பைக்குள் போயிற்று.

"நிஜமாவே நீங்களேதான் கட் பண்ணீங்களா?"

"நாங்க எட்டுப் பேரும் பார்த்தோமே!" என்றார் லாண்டரிக்காரர்.

"கண்ணுல மருந்தோட என்னத்தைய்யா பார்த்தீங்க?" என்றான் மகன்.

"சரி, கேட்டோம். சாட்சி சாட்சிதானே?"

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினான். சொட்டக்கா அதற்குள் நாலாவது நாற்காலிக்குப் போய், "மேலே பாருங்க, சிமிட்டாதீங்க" என்று அடுத்தவரின் நெற்றியைப் பிடித்திருந்தாள். அவள் அளவில் அந்த விவகாரம் தந்தைக்கும் மகனுக்கும் உரியது. கை வைக்க அவளுக்கு உரிமை இல்லை. ஆனால் காது இருக்கிறதே.

கீழே தெருவிலிருந்து புரோக்கர் அண்ணாந்து கத்தினார்: "என்ன தம்பி, வீட்டைத் திறந்து காட்டுறீங்களா? பார்ட்டி பன்னெண்டு மணிக்கு வர்றாங்க!"

மகன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இப்போதுதான் மருந்து நினைவு வந்தவராய், இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்ணே" என்று மகன் ஜன்னல் வழியே குனிந்து சொன்னான். "அங்க ஆள் குடியிருக்காங்க."